கார்டின் மறுபக்கம்

அத்தியாயம் 14

கிளப் அறிவிப்புப் பலகையில் மனைவியின் பெயரைப் பார்த்த நாளிலிருந்து சாம்பியன் அளந்துதான் பேசினார். தண்ணீர். துண்டு. சாவி. பெயர்ச்சொற்கள் மட்டும். வினைச்சொற்கள் எல்லாம் அவளுடைய பொறுப்பு.

சாம்பியன் என்பது, எழுத்துக் கட்டைகளால் வார்த்தை கோக்கும் ஸ்கிராபிள் கிளப்பில் அவருக்கு வைத்த பேர். ஒவ்வொரு வருடமும் கிளப்பின் சார்பில் பெரிய போட்டிக்குப் போகிறவர் அவர்தான். ஒரே ஓர் இடம். அதற்காக நடக்கும் உள்போட்டியில் இந்த வருடம் அவளும் பேர் கொடுத்திருந்தாள். அவரிடம் கேட்கவில்லை. சொல்லவும் இல்லை.

அவளுக்கும் கிளப்பில் ஒரு பேர் உண்டு. கார்டு மேடம்.

கார்டின் முன்பக்கத்தில் ஏழு ஆங்கில எழுத்துகள் வரிசையாக இருக்கும். பின்பக்கத்தில் அந்த ஏழையும் வைத்து உருவாகும் வார்த்தைகள். மாலையில் அவள் முன்பக்கத்தை வாசிப்பாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு வார்த்தைகளைச் சொல்வார். அவள் பின்பக்கத்தைப் பார்த்துச் சரி என்பாள், அல்லது இல்லை என்பாள்.

"ஏ, ஈ, ஐ, என், ஆர், எஸ், டி."

"ரீடெயின்ஸ். நாஸ்டியர்."

"இன்னும் இருக்கு."

"ஸ்டெயினர்."

"இன்னும்."

"ரெடினாஸ்."

விழித்திரையைக் குறிக்கும் அந்த ஒன்றை மட்டும் அவள் முதல் தடவையே அவருக்கு முன்னால் கண்டுபிடித்துவிட்டாள். அவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். ஆனால் சொல்லவில்லை. சொல்வது அவள் வேலை அல்ல.

கல்யாணமான புதிதில் தொடங்கிய பழக்கம். வேறு எதற்காகவும் அந்த வீட்டில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்ததில்லை. சாப்பாடு தனித்தனி நேரம். தூக்கம் தனித்தனி நேரம். கார்டு மட்டும் சேர்ந்து.

நேற்று அவர் முதன்முறையாக ஒரு முழு வாக்கியம் பேசினார். "நாளைக்கு நீ அங்க போய் உக்காந்தேன்னா, இந்தக் கார்டை எல்லாம் மூட்டை கட்டிடலாம். எனக்கு இனிமே வேண்டாம்."

அவள் கார்டுகளை அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டாள்.

*

காலையில் அவர் முன் அறையில் ஷூ போட்டுக்கொண்டிருந்தார். அவள் கைப்பையுடன் வந்து நின்றாள்.

"செயலர்கிட்ட சொல்லிட்டியா?"

"என்னன்னு?"

"வரலைன்னு."

"வர்றேனே."

அவர் நாடாவை இழுத்துக் கட்டினார். "இங்க பாரு. உனக்கு வார்த்தை தெரியும். இல்லைங்கலை. ஆட்டம் வேற. கார்டு வாசிக்கிறதும் ஆடறதும் ஒண்ணுன்னு நினைச்சுட்டே."

"தெரியலைன்னா தோத்துட்டு வர்றேன். அதுல உங்களுக்கு என்ன?"

"எனக்கு என்னவா? அத்தனை பேர் முன்னாடி என் பொண்டாட்டி முதல் ரவுண்டுலயே மண்ணைக் கவ்வினா, கேலி பண்ணப் போறது உன்னையா என்னையா?"

"என்னைத்தான் பண்ணுவாங்க. நான்தானே கவ்வப் போறேன்."

"எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்கே."

"கேள்வி நீங்கதான் கேக்கறீங்க." அவள் குனிந்து பார்த்தாள். "இதுல பயப்பட என்ன இருக்கு?"

"பயமா? எனக்கா?"

"ஷூவை மாத்திப் போட்டிருக்கீங்க."

அவர் பார்த்தார். வலது கால் ஷூ இடது காலில் இருந்தது. மறுபடி உட்கார்ந்து இரண்டையும் அவிழ்த்தார். அவள் அந்த நேரத்தில் வெளியே போயிருக்கலாம். போகவில்லை. அவர் சரியாகப் போட்டு முடிக்கும்வரை நின்றாள். அதுதான் அவரை அதிகம் எரிச்சலூட்டியது.

கார் கிளம்பியது. பின்கதவு அவளுக்காகத் திறக்கவில்லை. முன்கதவும்தான்.

*

"அண்ணன் விட்டுட்டுப் போயிட்டானா?" என்றாள் வாலு.

வாலு சாம்பியனின் தங்கை. டாக்ஸி ஓட்டுகிறாள். சின்ன வயதில் அடங்காமல் திரிந்ததற்கு வைத்த பேர் அப்படியே நின்றுவிட்டது. இப்போதும் அடங்கவில்லை.

"அவருக்கு அவசரம்."

"போன வாரம் என்னை வலுக்கட்டாயமா இழுத்துட்டுப் போய் சட்டை வாங்கினான், அண்ணி. இந்தப் போட்டிக்காக. புதுச் சட்டை போட்டா புது எழுத்து வருமா?"

"வந்தாலும் வரும். ரோட்டைப் பாரு."

வாலு ரோட்டைப் பார்த்தாள். முன்னால் ஒரு லாரி. அதன் நம்பர் பிளேட்டில் மூன்று எழுத்துகள்.

"பி, எக்ஸ், ஆர்," என்றாள் வாலு. "மூணும் வரணும்."

"பாக்ஸர்."

லாரி விலகியது. அடுத்து ஒரு பால் வண்டி.

"க்யூ, கே, ஆர். இதுல வராது. பந்தயம்."

"க்விக்கர்."

"யப்பா." வாலு ஹாரன் அடித்தாள். பால் வண்டி காரணம் தெரியாமல் ஒதுங்கியது. "பி, எஃப், எல்?"

"பட்டர்ஃப்ளை."

"இதை எல்லாம் யோசிச்சுச் சொல்றீங்களா, இல்ல தானா வருதா?"

"தானா வருது. நிறுத்தத்தான் யோசிக்கணும்."

"அண்ணன் வாழ்க்கையில செஞ்ச ஒரே நல்ல காரியம் உங்களைக் கட்டினது."

"கெட்ட காரியமும் அதுதான்னு இன்னிக்குச் சொல்லுவார்."

வாலு சிரித்தாள். பிறகு சிக்னலில் நிறுத்தியபோது சிரிக்காமல் கேட்டாள். "கார்டு வேண்டாம்னு சொன்னானாமே. நிஜமாவா?"

"உனக்கு யார் சொன்னா?"

"அவனேதான். பெருமையா."

அவள் சன்னல் பக்கம் திரும்பினாள். நடைபாதையில் ஒருவர் ஏணியைத் தோளில் சுமந்து போனார். இரண்டு முனையும் யார் மேலும் படாமல் திரும்பினார்.

"அண்ணி, அதுவும் போச்சுன்னா உங்களுக்குள்ள என்ன இருக்கு?"

"சிக்னல் விழுந்துடுச்சு. போ."

*

கிளப் ஒரு வணிகக் கட்டடத்தின் மேல்தளத்தில் இருந்தது. கீழே உடற்பயிற்சிக் கூடம். யாராவது எடையைக் கீழே போடும்போது மேலே எழுத்துக் கட்டைகள் துள்ளும். பழகியவர்கள் கட்டைகளை அடுக்கிய தாங்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே ஆடுவார்கள்.

அவள் நுழைந்ததும் வங்கிக்காரர் கை தூக்கினார். கிளப்பின் மூத்த உறுப்பினர். தோற்ற ஆட்டங்களை மட்டும் மறந்துவிடுபவர்.

"கார்டு மேடம் வந்தாச்சு! டீ எங்க மேடம்?"

"கேன்ல இருக்கும்."

"ஒரு கப் ஊத்திக் கொடுங்களேன்."

"குழாயைத் திருகினா வரும் சார். முதல் ஆட்டம் உங்களோடதான். சூடா குடிச்சுட்டு வந்து உக்காருங்க."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். வங்கிக்காரரும் சிரித்தார். ஆட்டம் முடிந்தபோது அவர் மட்டும் சிரிக்கவில்லை. "சும்மா பழகறதுக்குன்னு விட்டுட்டேன்," என்று பக்கத்து மேசையில் சொன்னார். அவள் ஸ்கோர் தாளை அவர் பக்கம் தள்ளினாள். கையெழுத்துப் போட்டார்.

இரண்டாவது ஆட்டத்தில் ஒரு கல்லூரி மாணவி. கெட்டிக்காரி. ஆனால் அவசரக்காரி. அவளையும் தாண்டினாள்.

செயலர் வெள்ளைப் பலகையில் அடுத்த ஜோடியை எழுதினார். வழுக்கைத் தலையில் கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு, எழுதும்போது அதைத் தேடுகிறவர். ஒரு பக்கம் பல் டாக்டர் ஏற்கனவே ஜெயித்து இறுதி ஆட்டத்துக்குப் போயிருந்தார். மறுபக்கம் எழுதி முடித்துவிட்டு ஒரு கணம் நின்றார். அழிப்பானைத் தொட்டார். பிறகு விட்டுவிட்டார்.

சாம்பியன். கார்டு மேடம்.

ஜெயிப்பவர் பல் டாக்டருடன் ஆடுவார். அதில் ஜெயிப்பவர் பெரிய போட்டிக்குப் போவார்.

*

எதிரில் அவர் வந்து உட்கார்ந்தபோது அவளுக்கு ஒன்று புதிதாகத் தெரிந்தது. கார்டு வாசிக்கும்போது அவர் கண் மூடியிருக்கும். இன்று திறந்திருந்தது.

கை குலுக்கிக்கொண்டார்கள். விதி அது. அவர் கை ஜில்லென்று இருந்தது.

அவர் வேகமாக ஆடினார். கட்டைகளைப் பலகையில் தட்டி வைப்பார். முறை முடிந்ததும் கடிகாரத்தை அடிப்பார். இந்தச் சத்தத்திலேயே பலபேர் தோற்றிருக்கிறார்கள். அவள் ஒவ்வொரு கட்டையையும் சத்தமில்லாமல் வைத்தாள். கடிகாரத்தை ஒரு விரலால் தொட்டாள்.

பாதி ஆட்டத்தில் அவர் நன்றாக முன்னால் இருந்தார். பல் டாக்டர் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து யாருடன் ஆட வேண்டும் என்று தெரிய வேண்டுமே.

பை ஏறக்குறைய காலியாகிவிட்டது. அவள் கடைசியாக எடுத்தவற்றைத் தாங்கியில் வைத்தாள்.

ஏ, ஈ, ஜி, ஹெச், எல், ஆர், யூ.

கார்டின் பின்பக்கம் அவள் கண்ணுக்குள் திரும்பியது. லாஃபர். சிரிப்பவர். நல்ல வார்த்தை. ஏழையும் ஒரே தடவையில் வைத்தால் கூடுதலாக ஐம்பது. ஆனால் பலகையில் அதை வைக்க இடம் இல்லை. மேலே பார்த்தாள், ஓரத்தில் பார்த்தாள். எங்கும் இல்லை.

அதே எழுத்துகளை மாற்றி அடுக்கினாள். ரீலாஃப். மறுபடி சிரித்தல். இதற்கு இடம் இருந்தது. ஆனால் அப்படி ஒரு வார்த்தை கிடையாது. எந்தக் கார்டின் பின்பக்கத்திலும் இல்லை.

இல்லாத வார்த்தையை வைக்கலாம். ஆட்டத்தில் அதற்கு இடம் உண்டு. எதிராளி சேலஞ்ச் செய்தால் பிடிபடும், வைத்தவர் கட்டைகளைத் திருப்பி எடுக்க வேண்டும். செய்யாமல் விட்டால் நிற்கும். வார்த்தை சரியாக இருந்து சேலஞ்ச் செய்தவர் தப்பாகப் போனால், அவருடைய வாய்ப்பு ஒன்று போய்விடும்.

அவள் வைத்தாள். ஏழு கட்டைகளையும். ஸ்கோரைச் சொன்னாள். கடிகாரத்தைத் தொட்டாள்.

சாம்பியன் பலகையைப் பார்த்தார்.

ரீ என்று தொடங்கும் வார்த்தைகளில் அவருக்கு எப்போதும் சந்தேகம். அகராதி சிலவற்றை ஏற்கும், சிலவற்றைத் தள்ளும். காரணம் கிடையாது. மனப்பாடம்தான் வழி. அந்தக் கார்டுகளில் அவர் தடுமாறும்போதெல்லாம் ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுத் தலையைத் தூக்குவார். அவள் கார்டைத் திருப்பிப் பார்த்துச் சொல்வாள்.

இப்போதும் அவர் தலையைத் தூக்கினார். நெற்றி சுருங்கியிருந்தது. குரல் சாதாரணமாக வந்தது. சாயங்காலக் குரல். வீட்டுக் குரல்.

"இருக்கா?"

கேட்டது எதிராளியிடம் என்று அவருக்கே தெரியவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

அவள் வாய் திறக்கப் பார்த்தது. இத்தனை வருடப் பழக்கம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். அவருடைய நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் அவள் முகத்தையே பார்த்தார். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. இல்லை என்று அவள் சொல்லவில்லை. அதனால் இருக்கிறது. அவர் கணக்கு அப்படித்தான் போனது. வீட்டில் அது ஒருநாளும் தப்பியதில்லை.

"சரி," என்றார். தாளில் எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு அதிக நேரம் ஆகவில்லை. மீதிக் கட்டைகள் தீர்ந்தன. அவர் கூட்டினார். மறுபடி கூட்டினார். பிறகு தாளில் கையெழுத்துப் போட்டார்.

அவள் ஜெயித்திருந்தாள்.

*

வங்கிக்காரர்தான் பலகையை எட்டிப் பார்த்தார்.

"ரீலாஃப்பா? இது என்ன கூத்து?" போனை எடுத்துத் தட்டினார். தூரமாகப் பிடித்துப் படித்தார். "இல்லையே. இப்படி ஒரு வார்த்தையே இல்லையே!"

சாம்பியன் நிமிர்ந்தார். "இல்லையா?"

"இல்லை," என்றாள் அவள்.

"தெரிஞ்சுதான் வச்சியா?"

"ஆமா."

"நான் கேட்டேனே."

"கேட்டீங்க. எதிர்ல உக்காந்து ஆடறவகிட்டயே யாராவது கேப்பாங்களா?"

அவர் காது சிவந்தது. சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். வங்கிக்காரர் கையைத் தட்டினார்.

"எனக்குப் புரிஞ்சுடுச்சு. சாம்பியனுக்கா இது தெரியாது? பொண்டாட்டி ஆசைப்பட்டுட்டாங்க, மனுஷன் கண்ணை மூடிக்கிட்டார். ஆட்டத்தைத் தாம்பாளத்துல வச்சுக் கொடுத்துட்டார்யா!"

சிரிப்பு எழுந்தது. செயலர் மட்டும் சிரிக்கவில்லை. தலைமேல் இருந்த கண்ணாடியைத் தேடி எடுத்து மூக்கில் மாட்டினார்.

"இது விளையாட்டுப் பேச்சு இல்லை. வேணும்னே விட்டுக் கொடுத்த ஆட்டம்னா, விதிப்படி ரெண்டு பேரும் வெளியே. நான் கேட்டே ஆகணும்." அவர் சாம்பியன் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க. விட்டுக் கொடுத்தீங்களா?"

கீழே யாரோ எடையைப் போட்டார்கள். பலகையில் கட்டைகள் லேசாகத் துள்ளின.

அவள் கணவரைப் பார்த்தாள். உண்மை ரொம்பச் சின்னது. என் மனைவி இல்லைன்னு சொல்லலை, அதனால இருக்குன்னு நம்பினேன். அவ்வளவுதான். ஒரு மூச்சில் சொல்லிவிடலாம்.

அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தார். புதுச் சட்டை.

"ஆமா," என்றார். "விட்டுக் கொடுத்தேன்."

சாம்பியன் வெள்ளைப் பலகையில் இருந்த தன் பெயரைப் பார்த்தார்.

"ரொம்ப ஆசையா இருந்தா. ஒரு தடவை போகட்டுமேன்னு தோணிச்சு. தப்புதான். என் பேரை அடிச்சுடுங்க."

"பெரிய மனசு சார் உங்களுக்கு," என்றார் வங்கிக்காரர். இந்த முறை கேலி இல்லை. இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். ஒருவர் சாம்பியனின் தோளைத் தட்டினார்.

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. விட்டுக் கொடுத்தால் விதியை மீறியவர் என்று ஆகும். அதோடு அவளுடைய இடமும் போகும். அவளிடம் தோற்றதாக இருப்பதைவிட அவருக்கு அது மலிவாகப் பட்டிருக்கிறது.

"பொய்!"

கதவருகிலிருந்து வந்தது. வாலு. சவாரி இல்லாமல் மேலே ஏறி வந்திருந்தாள். கையில் டாக்ஸி சாவி.

"அண்ணா, கூசாம பொய் சொல்றியே! வீட்ல தினமும் இவங்ககிட்ட நீ..."

"வாலு," என்றாள் அவள். "சும்மா இரு."

"ஏன் அண்ணி? நான் பார்த்திருக்கேன், சொல்றேன்."

"சொன்னா அவர் வாயால சொல்லட்டும். இல்லைன்னா வேண்டாம். எனக்கு ஆள் வச்சுச் சாட்சி வேண்டாம்."

சாம்பியன் தரையைப் பார்த்தார். சொல்லவில்லை.

அவள் செயலர் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை.

"சார், விட்டுக் கொடுத்தவர் வெளியே போறார். போகட்டும். அது அவர் இஷ்டம். நான் என்ன விதியை மீறினேன்?"

"அவர் கொடுத்தார்னா நீங்க வாங்கினீங்கன்னு ஆகுதே, மேடம்."

"நான் வாங்கலை. எடுத்தேன். பாதி ஆட்டம்வரைக்கும் அவர்தான் முன்னால. விட்டுக் கொடுக்கிறவர் அப்படி ஆடுவாரா? அந்த வார்த்தை இல்லைன்னு தெரிஞ்சுதான் வச்சேன். சேலஞ்ச் பண்ணியிருந்தா அந்த இடத்துலயே என் கதை முடிஞ்சிருக்கும். வச்சுட்டு என் நெஞ்சு எப்படி அடிச்சுதுன்னு எனக்குத்தான் தெரியும். தாம்பாளத்துல வாங்கறவளுக்கு அப்படி அடிக்காது."

"அது நெஞ்சு, மேடம். அதை நான் எப்படி..."

"அவர் ஒரு கேள்வி கேட்டார், சார். இருக்கான்னு. விட்டுக் கொடுக்கிறவருக்கு அது இருந்தா என்ன, இல்லைன்னா என்ன?"

செயலர் சுற்றிலும் பார்த்தார். "யாராவது கேட்டீங்களா?"

"என் காதுல விழுந்தது," என்றார் பல் டாக்டர். உட்கார்ந்தபடியே. "தெளிவா."

செயலர் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி தலையில் ஏற்றினார். "இதை நானா முடிவு பண்ண முடியாது. மேலிடத்துல பேசணும். அதுவரைக்கும் ஃபைனல் கிடையாது. எல்லாரும் டீ குடிங்க."

கூட்டம் டீ கேன் பக்கம் நகர்ந்தது. அவள் நகரவில்லை. அறையின் நடுவில் இறுதி ஆட்டத்துக்காகப் போட்டிருந்த மேசைக்குப் போனாள். புதுப் பலகை, கட்டைப் பை, கடிகாரம். நாற்காலியை இழுத்தாள். உட்கார்ந்தாள்.

"மேடம், சொன்னேனே. எந்திரிங்க."

"எழுப்பணும்னா நாற்காலியோட தூக்குங்க."

"கீழ ஜிம்ல இருந்து ஆள் கூப்பிடவா?" என்றார் வங்கிக்காரர்.

"கூப்பிடுங்க. நாலு பேரா வரச் சொல்லுங்க. நான் பிடிச்சுக்குவேன்."

இந்த முறை சிரித்தவர்கள் அவள் பக்கம் சிரித்தார்கள். செயலர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்.

*

சாம்பியன் மேசையருகே வந்தார். குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"வா. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

"வீட்ல நாம கார்டு இல்லாம பேசினதே இல்லையே."

"வம்பு பண்ணாதே. ரெண்டு பேர் மானமும் போகாம நான் பார்த்துக்கிட்டேன். அதுக்கு நன்றி சொல்லணும் நீ."

"உங்க மானத்தைப் பார்த்துக்கிட்டீங்க. என்னோடது இந்த நாற்காலியில உக்காந்திருக்கு."

"ஏமாத்தி ஜெயிச்சுட்டு வாய் வேறயா?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "ஏமாத்தினேன்னு அவங்ககிட்டச் சொல்லுங்க. அதையாவது சத்தமாச் சொல்லுங்க. பொண்டாட்டி என்னை ஏமாத்திட்டா, நான் ஏமாந்துட்டேன்னு. நான் இப்பவே எந்திரிச்சு உங்களோட வர்றேன்."

அவர் உதடு அசைந்தது. வார்த்தை வரவில்லை. எத்தனை ஆயிரம் வார்த்தை தெரிந்தவர்.

"உன்னை நம்பினேன்," என்றார் கடைசியில். மிக மெதுவாக.

அது அவளைக் குத்தியது. அவர் கேட்டபோது சொல்லாமல் இருந்தது நிஜம். சொல்லியிருந்தால் தோற்றிருப்பாள் என்பதும் நிஜம்.

"நம்பினீங்க," என்றாள். "கார்டோட பின்பக்கத்தை நம்பற மாதிரி. அதுக்குப் பின்னாடி ஒரு ஆள் இருக்குன்னு இன்னிக்குத்தான் பார்த்தீங்க."

அவர் நிமிர்ந்தார். முதுகு நேராகியது. பழைய குரல் திரும்பியது.

"கார்டு இனிமே கிடையாது. தெரியுமில்ல?"

மாலை நேரம் அவள் முன்னால் வந்து நின்றது. விளக்கு. எதிரெதிரே இரண்டு நாற்காலிகள். மூடிய கண்கள். அவரை அவ்வளவு நேரம் தடையில்லாமல் பார்க்க அவளுக்கு வேறு வழி இருந்ததே இல்லை. அவர் வார்த்தையைக் கண்டுபிடித்ததும் வாயோரத்தில் ஒரு சின்ன அசைவு வரும். அது அவருக்கே தெரியாது.

"தெரியும்," என்றாள்.

குரல் பிசிறியது. மேசைமேல் இருந்த கடிகாரத்தை நேராகத் திருப்பி வைத்துவிட்டு மறுபடி சொன்னாள்.

"தெரியும்."

அவர் கதவைப் பார்த்து நடந்தார். வாலு வழியை விடாமல் நின்றாள். அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாலு விலகினாள். அவர் போகவில்லை. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் நின்றார்.

அவளுக்கு எதிரில் ஒரு நாற்காலி இழுபட்டது.

பல் டாக்டர் டீக் கோப்பையை ஓரமாக வைத்தார். முழங்கைவரை சட்டையை மடித்துவிட்டார்.

"டாக்டர், நீங்க ஆட வேண்டியதே இல்லை," என்றார் வங்கிக்காரர். "இவங்க வெளியேன்னா இடம் உங்களுக்குத்தான். சும்மா இருந்தாப் போதும்."

"சும்மா இருந்து ஜெயிச்சேன்னு யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

"செயலர் போன்ல இருக்கார். ஒரு நிமிஷம் பொறுக்கலாமே."

"பாதிப் பல்லைப் பிடுங்கிட்டு நான் போன் எடுக்கிறதில்லை." டாக்டர் அவளைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். எனக்கு உங்க மேல பரிதாபம் எல்லாம் கிடையாது. என்கிட்ட இல்லாத வார்த்தையை வச்சீங்கன்னா உடனே சேலஞ்ச் பண்ணுவேன்."

"பண்ணுங்க," என்றாள் அவள். "அதுக்குத்தான் உக்காந்திருக்கேன்."

டாக்டர் பையைக் குலுக்கி நீட்டினார். யார் தொடங்குவது என்று பார்க்க ஆளுக்கு ஓர் எழுத்து; வரிசையில் முந்திய எழுத்து வந்தவர் தொடங்குவார். டாக்டருக்கு எம் வந்தது. அவள் கையை விட்டாள். கட்டைகள் விரலில் உரசின. ஒன்றை எடுத்துத் திருப்பினாள்.

ஏ.

தொடங்குவது அவள்.

டீ கேன் பக்கம் போனவர்கள் கோப்பையுடன் திரும்பி வந்து மேசையைச் சுற்றி நின்றார்கள். வாலு ஒரு நாற்காலியின் மேல் ஏறி நின்றாள். யாரும் இறங்கச் சொல்லவில்லை. வராந்தாவிலிருந்து செயலரின் குரல் கேட்டது.

"ஆமாங்க, உக்காந்துட்டாங்க. இல்லைங்க, ரெண்டு பேருமே உக்காந்துட்டாங்க. நான் சொன்னாக் கேக்க மாட்டேங்கறாங்க. இப்ப நான் என்ன பண்ணட்டும்?"

அவள் ஏழு எழுத்துகளை எடுத்துத் தாங்கியில் வைத்தாள்.

"டாக்டர்," என்றாள். "கடிகாரத்தை அழுத்துங்க."